சேர்ட்டிபிக்கற் எடுக்கப் போய் சம்பளம் கண்டுபிடிச்ச கதை

யாழ்ப்பாணத்தில ஒரு பிறைவேற் நேசரியில உதவி ரீச்சரா வேலை செய்யிறன், எது எண்டு சொல்லேல்ல, ஏனெண்டா இண்டைக்கும் அங்கதான் போறன். லைசென்ஸ் இல்லாட்டி குறைஞ்ச சம்பளம்தானோ எண்டு கன பிள்ளையள் என்னட்ட இன்பொக்ஸில கேட்டதாலதான் எழுதுறன், கொஞ்சம் நீட்டா வரும், பொறுங்கோ.

2024 ஜனவரியில ஏ.எல் ரிசல்ட்டோட சேர்ந்தனான். வேலை எண்டா சும்மா இல்லை, காலமை ஏழரைக்கு கேற்றில நிண்டு பிள்ளையளை இறக்கி எடுக்கிறதில இருந்து, சப்பாத்து மாத்தி, அழுறதுகளைத் தூக்கி, மெயின் ரீச்சர் படிப்பிக்கேக்க பின்னால இருந்து கை பிடிச்சு எழுதப் பண்ணி, மத்தியானம் தாய்மார் வந்து கூட்டிக்கொண்டு போற வரைக்கும், பேந்து சார்ட் வெட்டி ஒட்டி மூண்டு மணி. சம்பளம் 15,000, என்வலப்பில. அடுத்த வருசம் 18,000 ஆக்கிச்சினம். கூட்டித் தாங்கோ எண்டு கேட்டா நேசரி நடத்துற மிஸ் சொல்லுறது ஒண்டுதான், "பிள்ளை, உமக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை, என்.வி.கியூ. 4 எடுத்திட்டு வாரும், பேந்து பாப்பம்." என்.வி.கியூ. எண்டது தேசிய தொழில் தகைமைச் சேர்ட்டிபிக்கற், 4 எண்டது அதில ஒரு மட்டம். நானும் நம்பினனான். லைசென்ஸ் இல்லாதவைக்கு அரைச் சம்பளம்தான் சட்டம்போல எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான், விசரி.

ஸ்காபரோவில இருக்கிற மச்சாள் ஒராள் அங்க பள்ளிக்கூடத்தில இதே மாதிரி உதவியாளர் வேலை. அவ சொன்னா, ஒன்ராறியோவில ரீச்சர்மார் அவையின்ர கொலிஜ்ஜில (படிக்கிற கொலிஜ் இல்லை, பதிவு செய்யிற சபை) பதிய வேணும், சின்னப் பிள்ளையளைப் படிப்பிக்கிற ஈ.சி.ஈ. ஆக்களுக்கும் ஒரு கொலிஜ் இருக்கு, ஆனா உதவியாளருக்கு லைசென்ஸ் எண்டு ஒண்டும் இல்லை, பொலிஸ் செக் மட்டும் கட்டாயம் கேப்பினமாம். அட, கனடாவிலயே இல்லாதது எங்கட ஊரில எங்கால வந்தது எண்டு அப்பதான் முதல் சந்தேகம்.

விசாரிச்சுப் பாத்தா கதை இதுதான். டொக்டர்மார் மெடிக்கல் கவுன்சிலில பதியிற மாதிரி உதவி ரீச்சருக்கு இலங்கையில ஒரு லைசென்ஸ் கிடையாது. நேசரியள் மாகாணத்துக்குக் கீழ வருது, முன்பள்ளி ரீச்சருக்கு என்ன தகைமை வேணும் எண்டு அவை பாப்பினம், அது வேற. என்.வி.கியூ. 4 எண்டது தகைமை, அனுமதிப்பத்திரம் இல்லை. எடுத்து வச்சா நல்லது, அதுக்காக எடுக்காம வேலை செய்தா களவு வேலையும் இல்லை.

சரி எண்டு என்.வி.கியூ. 4க்கு நைற்றாவில, அதுதான் அரசாங்கத்தின்ர தொழிற்பயிற்சி நிறுவனத்தில, ஆர்.பி.எல். முறையில போட்டனான். கோர்சுக்குப் போகாம, ஏற்கனவே செய்த வேலையை வச்சே மதிப்பிடுவினம். பைல் ஒண்டு கட்ட வேணும், பிள்ளையளோட செய்த அக்டிவிற்றி போட்டோக்கள், நான் செய்த சார்ட்டுகள், பாட்டு லிஸ்ட், அதோட வேலை செய்யிற இடத்தில இருந்து அனுபவக் கடிதம். மிஸ்ஸிட்ட கேட்டன், சந்தோசமா லெட்டர்ஹெட்டில அடிச்சு சீல் குத்தித் தந்தா: இன்னார் 2024 ஜனவரி தொடக்கம் இன்றுவரை முழுநேர உதவி ஆசிரியையாக எமது நிறுவனத்தில் கடமையாற்றுகிறார். முழுநேர எண்ட சொல்லும் அவ போட்டதுதான், நான் கேக்கேல்ல.

போட்டோக்கொப்பி கடையில நிக்கேக்கதான் பக்கத்தில நிண்ட ஒரு அண்ணை, ஏதோ கொம்பனியில அக்கவுண்ட்ஸ் பாக்கிறவராம், கடிதத்தைப் பாத்திட்டு "தங்கச்சி, ஈ.பி.எப். வெட்டுகினமோ?" எண்டு கேட்டார். நான் முழிச்சன். ஈ.பி.எப். எண்டது ஊழியர் சேமலாப நிதி. அவர் அங்க நிண்டே கணக்குச் சொன்னார். தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2016இல வந்தது, அப்ப மாசம் 10,000, 2021இல 12,500, 2024இல 17,500, 2025 ஏப்ரலில இருந்து 27,000. பேந்து 2026 ஜனவரியோட 30,000 ஆயிட்டுது, நாட்சம்பளம் எண்டா 1,200. ஈ.பி.எப். எங்கட பக்கம் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.ரி.எப். எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், அது முழுக்க முதலாளியின்ர காசு. அதாவது 27,000க்கு என்ர கையில இருந்து 2,160 போகும், அவை 3,240உம் 810உம் போட வேணும். எனக்கு ஒரு சதமும் ஆரும் போடேல்ல.

2025 நவம்பர் கடைசியில தொழில் திணைக்களத்துக்குப் போனனான். உண்மையைச் சொன்னா வாசலில ரெண்டு தரம் திரும்பினனான், அம்மா வேற "உள்ள வேலையும் போகப்போகுது" எண்டு காலமையே தொடங்கிட்டா. உள்ளுக்க இருந்த ஒபிசர் நல்ல மனிசன். லைசென்ஸ் இல்லை எண்டு கதையைத் தொடங்க மறிச்சுப்போட்டார், "அதை விடும் பிள்ளை, வேலை செய்ததுக்கு என்ன அத்தாட்சி கிடக்கு?" எண்டார். சம்பளம் என்வலப்பில வாறபடியா பாங்க் ஸ்லிப் இல்லை, அப்பொயின்மென்ட் லெட்டர் இல்லை. வட்ஸ்அப்பில மிஸ் "நாளைக்கு நேரத்தோட வாரும்" எண்டு போட்டதுகளைக் காட்டினன். பிறகுதான் ஞாபகம் வந்து ஆர்.பி.எல். பைலைத் திறந்து அந்தக் கடிதத்தை நீட்டினன். அவர் ரெண்டு தரம் வாசிச்சு சிரிச்சார்.

விசாரணைக்கு ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டவை. மிஸ் "அவ ரெயினிங்கில இருக்கிறா" எண்டா. ஒபிசர் கடிதத்தை மேசையில வச்சார், அவ்வளவுதான். ஏப்ரலில இருந்து நவம்பர் வரைக்கும் எட்டு மாசம், மாசம் 9,000 குறைவு, 72,000. மூண்டு தவணையா தாறது எண்டு எழுதினவை, ரெண்டு வந்திட்டுது. ஈ.பி.எப். பிந்திக் கட்டினா மிகைக்கட்டணம் ஏறி ஏறி ஒரு வருசத்துக்கு மேல போனா 50 வீதம் வரைக்கும் போகும் எண்டு சொன்ன உடன முகம் மாறினதைப் பாத்தன், பாவம் எண்டும் இருந்தது, சின்ன நேசரிதானே. ஆனா நான் ரெண்டு வருசம் பஸ் காசு கணக்குப் பாத்து நடந்ததும் ஞாபகம் வந்தது. ஈ.பி.எப்.இல பதிஞ்சதுக்கான பீ கார்ட் இப்ப கையில கிடக்கு.

வேலையால நிப்பாட்டேல்ல. ஒரு கிழமை கதைக்கேல்ல, அவ்வளவுதான். என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு இன்னும் திகதி வரேல்ல, அதையும் விடுறேல்ல எண்டு இருக்கிறன், எங்கையும் போய் மெயின் ரீச்சரா நிக்க அது உதவும்.

இப்பிடி வேலைக்குப் போறாக்களுக்கு ஒண்டு, சம்பள என்வலப் தந்தா அண்டைக்கே திகதியும் தொகையும் கொப்பியில எழுதி வையுங்கோ, வவுச்சரில கையெழுத்து வைக்க முந்தி அதில என்ன தொகை கிடக்கு எண்டு பாருங்கோ, சில இடங்களில கையில ஒரு தொகை பேப்பரில ஒரு தொகை.

மற்றக் கிளையில இருக்கிற பிள்ளை ஒராளும் போன கிழமை ஆர்.பி.எல்.லுக்கு எண்டு அனுபவக் கடிதம் கேட்டிருக்கிறா. மிஸ் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, "என்னத்துக்கு?" எண்டு கேட்டாவாம்.