விலையுயர்ந்த சீரமும் மூக்கோரத்துத் தோலும்

முகப்பருவுக்காகத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த அடாப்பலின் ஜெல்லைப் பூசத் தொடங்கிய சில வாரங்களில் பருக்கள் அடங்கிவிட்டன. ஆனால் மூக்கின் இருபுறமும் தோல் செதில் செதிலாக உரிந்து, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. தோலின் மேலடுக்கு பலவீனமாகிவிட்டதாகக் கூறிய மருத்துவர், ஜெல்லைச் சிறிது காலம் நிறுத்தச் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணி, செராமைடு கலந்த, கேட்டாலே தலைசுற்றும் விலையுள்ள சீரம் ஒன்றைப் பரிசளித்தார்.

மேலடுக்கின் செல்களைச் செங்கற்கள் என்று கொண்டால், இடையிலுள்ள சாந்து செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றால் ஆனது. எடையில் ஏறத்தாழப் பாதி செராமைடுதான். சாந்து குறையும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, எரிச்சலூட்டும் பொருள்கள் எளிதாக உள்ளே நுழைகின்றன. ஆகவே, பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருந்த ‘செராமைடு’ எனக்கு நம்பிக்கையளித்தது.

பின்பக்கத்துப் பொடியெழுத்துகள் அந்த நம்பிக்கையைச் சற்றுக் குறைத்தன. பொருள்களை அளவின் இறங்குவரிசையில் குறிப்பிட வேண்டும். 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கப்படும் பினாக்சிஎத்தனால், ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் சீரத்தில் செராமைடின் பெயர் அதற்கும் பின்னால் இருந்தது. முன்வரிசையில் இருந்தவை தண்ணீர், கிளிசரின், நயாசினமைடு. தோல் தானே செராமைடை உண்டாக்குவதை நயாசினமைடு தூண்டும் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. பட்டியலின் கடைசியில் லினலூல், லிமோனின் என்ற மணப்பொருள்களும் இருந்தன. புண்பட்ட தோலுக்கு வாசனை எதற்கென்று விளங்கவில்லை.

முதலில் காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. பிறகு, முகம் கழுவிய ஈரம் காயுமுன் இரவுதோறும் கன்னங்களில் தடவினேன். இறுக்கம் உடனே தளர்ந்தது. காலையில் தொட்டால் வழுவழுவென்று இருந்தது. மூக்கோரத்தில் பட்ட மறுகணமே சுரீரென்று எரிந்ததால், அங்கு மட்டும் சீரத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்த சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவிவந்தேன். அதிகம் உரிந்திருந்த அந்த இடம், சீரம் பட்ட கன்னத்துக்குச் சற்றும் பிந்தாமல் ஆறியது. ஒரே முகத்தில் கண்டதை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். எனினும், ஜெல்லை நிறுத்தியதும் ஈரத்தை வெளியேறவிடாமல் காத்ததுமே தோலைத் தேற்றின என்பது என் எண்ணம்.

இப்போது மருத்துவரின் யோசனைப்படி, மாய்ஸ்சரைசருக்கு மேல், ஒன்றுவிட்டு ஒரு நாள் அடாப்பலின் பூசுகிறேன், எரிச்சல் இல்லை. சீரம் தீர்ந்தால் மீண்டும் வாங்கப்போவதில்லை. எப்படியிருக்கிறது என்று அண்ணி கேட்கும்போது நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறேன். கன்னத்தைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை.