பத்தாவது ஃபார்வர்டும் இரண்டாவது கோல்கீப்பரும்: விரிவாக்க சீசன் நாட்குறிப்பு

ஜூன் 2

கணினியில் ஓட்டும் நம் ஐஸ் ஹாக்கி லீகில் இப்போது 24 அணிகள், அக்டோபரில் 26. புதிதாக வரும் இரண்டும் தேறுமா என்பது, பாதுகாப்புப் பட்டியல் (புதிய அணிகள் எடுக்கமுடியாதபடி பழைய அணிகள் பூட்டி வைக்கும் வீரர்கள்) விதியை எழுதும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. வட அமெரிக்காவின் நிஜ ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். 2000-இல் கொலம்பஸ், மினசோட்டா அணிகளைச் சேர்த்தபோது நாஷ்வில், அட்லாண்டா தவிர ஒவ்வொரு பழைய அணியும் 9 ஃபார்வர்ட், 5 டிஃபென்ஸ், 1 கோல்கீப்பர் என 15 பேரைப் பூட்டி வைக்கலாம்; 7-3-2 என்ற வழியும் இருந்தது. 2017-இல் வேகாஸ் வந்தபோது 7-3-1, அதாவது 11 பேர்தான். அல்லது எந்த இடத்துக்காரரானாலும் 8 பேர், கூடவே ஒரு கோல்கீப்பர்.

நாலு பேர் வித்தியாசம்தானே என்று தோன்றும். முதல் விதியில் புதிய அணி கைவைக்க முடிவது பத்தாவது ஃபார்வர்டு மேல், ஆறாவது டிஃபென்ஸ்மேன் மேல். இரண்டாவதில் எட்டாவது, நாலாவது. நாலாவது டிஃபென்ஸ்மேன் இரண்டாம் ஜோடியில் 20 நிமிடம் ஆடுகிறவர். ஆறாமவர் ஒப்புக்கு ஆடுகிறவர்.

இன்னொன்று: வேகாஸ் தனியாக எடுத்தது, 30 அணிகளிடமிருந்து தலைக்கு ஒருவர். இங்கே இரண்டு அணிகள். தலைக்கு 2 பேர் போனால் மொத்தம் 48, ஆளுக்கு 24. உடையணிந்து இறங்குபவர்களே 20 பேர். ஃபார்ம் அணிக்கு (மாற்று வீரர்களை வைத்திருக்கும் இரண்டாம் அணி) மிஞ்சுவது நாலு. அதற்குத் தனி ஏற்பாடு இல்லாவிட்டால் நவம்பரில் இரண்டு பேர் காயம்பட்டதும் லைன் (சேர்ந்து இறங்கும் ஃபார்வர்ட் குழு) நிரப்ப ஆளிருக்காது.

ஜூன் 9

பட்டியல்கள் வர ஆரம்பித்துவிட்டன. சிமுலேஷன் லீகுகள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம், வெளியே விடவேண்டிய குறைந்தபட்சம். பூட்டுவதற்கு வரம்பு வைத்துவிட்டு இதை மறந்தால், ஜி.எம்.கள் (அணி மேலாளர்கள்) அடுத்த இரண்டு நாளில் உருப்படியானவர்களைக் கைமாற்றிவிட்டுக் குப்பையைக் கொட்டி வைப்பார்கள். 2017 விதி இதற்கு வழி சொன்னது: அந்த சீசனில் 40 அல்லது இரண்டு சீசனில் 70 ஆட்டம் ஆடிய ஃபார்வர்ட் இருவர், டிஃபென்ஸ்மேன் ஒருவர், அணியின் கட்டுப்பாட்டில் இருக்கும் கோல்கீப்பர் ஒருவர் கட்டாயம் வெளியே இருக்கவேண்டும்.

பூட்டாமலே விலக்குப் பெறும் முதல், இரண்டாம் வருடத் தொழில்முறை வீரர்களைக் கோப்பிலுள்ள வயதை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒப்பந்தம் எந்த சீசனில் தொடங்கியது என்று பார்க்கவேண்டும். 20 வயதுக்காரர் மூன்றாம் வருடத்தில் இருக்கலாம், 25 வயதுக்காரர் முதல் வருடத்தில் இருக்கலாம்.

ஜூன் 21

டிராஃப்ட், வெளியே விடப்பட்டவர்களைப் புதிய அணிகள் எடுக்கும் நாள். முதல் தேர்வே கோல்கீப்பராகத்தான் இருக்கவேண்டும். கணக்கு இதோ: ஆட்டத்துக்கு 32 ஷாட், 82 ஆட்டம், மொத்தம் 2,624. தடுப்பு விகிதம் 0.920 என்றால் 210 கோல் உள்ளே போகும். 0.889 என்றால் 291. வித்தியாசம் 81. ஆறு கோல் ஒரு வெற்றி என்ற பழைய வாய்ப்பாட்டில் 13 வெற்றி, 26 புள்ளி. அந்த விலைக்கு எந்த ஃபார்வர்டும் கிடைக்கமாட்டார். 0.889 கற்பனை எண் இல்லை. 2021-22-இல் சியாட்டிலின் முதல் சீசனில் குரூபாவர் முடித்த விகிதம் அது. அணி எடுத்தது 60 புள்ளி.

மறுபக்கம் 1993. அந்த வருடம் ஒரு அணி ஒரே கோல்கீப்பரைத்தான் பூட்டலாம். ரேஞ்சர்ஸிடம் ரிக்டரும் வான்பீஸ்புரூக்கும் இருந்தார்கள். டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு வான்பீஸ்புரூக்கை வான்கூவருக்கு அனுப்பினார்கள். வான்கூவர் அவரைப் பூட்டவில்லை, ஃப்ளோரிடா எடுத்துக்கொண்டது. முதல் சீசனில் 83 புள்ளி, மூன்றாம் சீசனில் இறுதிச்சுற்று. முந்தைய வருடம், இரண்டு கோல்கீப்பர்களைப் பூட்டலாம் என்ற விதியில் வந்த ஒட்டாவா எடுத்தது 24 புள்ளி.

கோல்கீப்பருக்கு அடுத்து சென்டர், பிறகு டிஃபென்ஸ். விங்கர்களைக் கடைசிச் சுற்றுக்கு விட்டாலும் கிடைப்பார்கள்.

ஜூன் 23

பக்க ஒப்பந்தங்கள். நல்ல ஜி.எம். டிராஃப்டில் பாதி சம்பாதித்தால் மீதியை இதில் சம்பாதிப்பார். "அவரைத் தொடாதே, இதை வாங்கிக்கொள்" என்பதுதான் பேரம். 2017-இல் வேகாஸ் ஸ்டோனரை எடுத்துக்கொள்ள அனஹைம் கூடவே கொடுத்தது ஷே தியோடோரை. கொலம்பஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் (இளம் வீரர் டிராஃப்டில் ஆளெடுக்கும் உரிமை) தந்து, காயத்தால் ஆடமுடியாத கிளார்க்ஸனின் சம்பளத்தையும் தலையில் கட்டியது. பதிலுக்கு வேகாஸ் எடுத்தது வில்லியம் கார்ல்ஸனை. ஃப்ளோரிடா கதை இன்னும் மோசம்: 30 கோல் அடித்த மார்ச்செஸோவை வெளியே விட்டு, ரெய்லி ஸ்மித்தையும் கூட அனுப்பியது.

நம் மாதிரி லீகில் இவை தகராறில் முடிவதற்கு ஒரே காரணம், தனிச் செய்தியில் வாய்மொழியாகப் பேசுவது. எழுத்தில், லீகை நடத்தும் கமிஷனரிடம், பட்டியல் பூட்டப்படும் முன் பதிவாகாத ஒப்பந்தம் செல்லாது என்று வையுங்கள். எடுத்த வீரரை அதே அணிக்கு ஜனவரிக்கு முன் திருப்பி விற்கக் கூடாது என்பதும் வேண்டும்.

செப்டம்பர் 14

ரேட்டிங் கோப்பு வந்தது. எஸ்.டி.ஹெச்.எஸ். என்ற ஹாக்கி சிமுலேஷன் எஞ்சினை ஓட்டும் பல லீகுகளைப் போல இங்கும் போன சீசன் நிஜப் புள்ளிவிவரத்திலிருந்து ரேட்டிங் போடுகிறோம். இதில்தான் வேகாஸை நகலெடுக்க நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கார்ல்ஸன் கொலம்பஸில் கடைசி சீசனில் 6 கோல். வேகாஸில் முதல் சீசனில் 43. பனியில் அது நடந்தது, அவருக்கு நிமிடங்கள் கூடியதால். எஞ்சினில் எத்தனை நிமிடம் கொடுத்தாலும் அவர் 6 கோல் ரேட்டிங்கோடுதான் வருடம் முழுக்க ஆடுவார். பலன் அடுத்த செப்டம்பரில் வரும்.

ஆகவே இந்த முறையில் புதிய அணி வாங்கவேண்டியது இன்றைய ரேட்டிங்கை அல்ல. 23, 24 வயது, நிஜத்தில் மூன்றாம் லைனிலிருந்து ஏறப்போகிறவர் யார் என்று பார்த்து வாங்குங்கள். வளர்ச்சியை எஞ்சினே உருட்டிப் போடும் ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் வகையில் இந்த உத்தி அப்படியே செல்லாது.

அக்டோபர் 20

லைன்கள். புதிய அணிகள் இரண்டும் நேரத்தை நாலு லைனுக்கும் 40-30-20-10 சதவீதம் என்று பிரித்திருக்கின்றன. நட்சத்திரம் உள்ள அணிக்கு அது சரி. எட்டாவது ஃபார்வர்டுகளாகப் பொறுக்கிய அணியில் முதல் லைனுக்கும் மூன்றாவதுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 30-27-24-19 போதும், களைப்பு குறையும். இப்படிப்பட்ட அணி ஐந்துக்கு ஐந்தில் தாக்குப்பிடிக்கும், பெனால்டியால் ஒரு பக்கம் ஆள் குறையும் பவர் பிளேயில்தான் தோற்கும். முட்டி மோதும் அமைப்பைக் குறைத்துப் பெனால்டியைத் தவிர்ப்பது, புதிதாக ஒரு ஆளை வாங்குவதைவிட மலிவு.

ஜனவரி 8

இரண்டு அணிகளுக்கும் இடையே நல்ல இடைவெளி. ஜி.எம்.களில் ஒருவர் மேதை, ஒருவர் முட்டாள் என்று அதற்குள் பேச்சு. சமபலமுள்ள ஒரு அணி 82 ஆட்டத்தில் எத்தனை வெல்லும் என்பதில், காசு சுண்டும் அதிர்ஷ்டத்தாலேயே சுமார் 4.5 வெற்றி விலகல் இருக்கும், 9 புள்ளி. ஒன்று மேலே விலகி மற்றது கீழே விலகினால் 18. தீர்ப்பு சொல்லவேண்டுமென்றால் கோப்பைப் பிரதியெடுத்து அதே லைன்களோடு சீசனை 50 தடவை ஓட்டிச் சராசரி பாருங்கள்.

நிஜமான ஆபத்து, தோற்கிற ஜி.எம். லைன் அனுப்புவதை நிறுத்துவது. அன்று புதிதாக வந்த வாஷிங்டனின் 1974-75 சீசன் 8 வெற்றி, 67 தோல்வி, வெளியூரில் 40-க்கு ஒரே வெற்றி. அப்படியொரு பட்டியலை வைத்துக்கொண்டு யார்தான் தினமும் உள்நுழைவார்? தொடர்ந்து 7 ஆட்டம் லைன் மாறாமல், காயம்பட்டவர் பட்டியலிலேயே கிடந்தால் கமிஷனர் செய்தி அனுப்பட்டும்; 14 ஆனால் மாற்று ஜி.எம்.

மார்ச் 2

வர்த்தகக் கடைசி நாள் நெருங்குகிறது. வெளியே விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் 28-33 வயது. வயது இறக்கம் உள்ள எஞ்சினில் எல்லோரும் ஒரே சமயத்தில் சரிவார்கள். 30 தாண்டியவர்களை இப்போதே தேர்வுகளாக மாற்றுங்கள்.

ஏப்ரல் 19

இரண்டாம் வருடம். சியாட்டில் 60-லிருந்து 100 புள்ளிக்கு ஏறி, முதல் சுற்றில் நடப்புச் சாம்பியன் கொலராடோவை வெளியேற்றியது. டொரன்டோ வெளியே விட்ட மெக்கேன் 40 கோல் அடித்தார். நமக்குப் பாடம் அதைவிட ஜூலை 2022-இல் இருக்கிறது: கோட்ரோவுக்கு ஒப்பந்தம் போட்டுச் சம்பள உச்சவரம்பில் சிக்கிய கொலம்பஸிடமிருந்து பியோர்க்ஸ்ட்ராண்டை ஒரு மூன்றாம் சுற்று, ஒரு நாலாம் சுற்றுத் தேர்வுக்கு வாங்கியது. கையில் காலியிடம் இருந்ததால் வந்த விலை அது.

புதிய அணிகள் இரண்டும் ஜூலை முதல் வாரம் வரை வரம்பில் பத்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருக்கட்டும். பழைய அணிகள் தாமாகவே கதவைத் தட்டும்.