வசனத்துக்கு எதிரே எழுதிய தேதி

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய வாரம், ஜெபக் குழுவில் ஒருவர் எங்களுக்கு ஒரு வசனம் கொடுத்தார். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." சங்கீதம் 118:17. இது அப்பாவுக்கென்றே ஆண்டவர் உணர்த்தியது என்றார். வீட்டுக்கு வந்ததும் என் வேதாகமத்தில் அந்த வசனத்துக்கு எதிரே, ஓரத்தில், நீல மையில் தேதி எழுதினேன். பென்சில் பக்கத்திலேயேதான் கிடந்தது. பென்சிலில் எழுதினால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயம்.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். குழாய் வழியே இரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே அந்த வசனத்தை முணுமுணுப்பேன். ஒருநாள் அப்பா கண்ணைத் திறக்காமலே, "அதையே எத்தனை தடவை? வேற ஏதாவது வாசியேன்" என்றார். நான் கேட்கவில்லை. பதினோராவது மாதம் அப்பா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த அன்று ஒருவர் என் தோளில் கைபோட்டு, "நாம இன்னும் கொஞ்சம் விசுவாசிச்சிருக்கணும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது கத்தியாக இறங்கியது. ஒன்று, ஆண்டவர் வாக்கு மாறிவிட்டார்; இல்லையென்றால் என் விசுவாசம் போதாமல் அப்பா போய்விட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் கிடந்தேன். ஜெபம் வரவில்லை. சங்கீதம் 13 மட்டும் வாசிக்க முடிந்தது. முதல் இரண்டு வசனங்களுக்குள்ளேயே நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிற சங்கீதம் அது. அப்படிக் கேட்பதும் வேதத்துக்குள் இருக்கிறதே என்பதே அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

கடைசியில் போதகரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் எதையும் விளக்க முயலவில்லை. "எந்த வாக்கை அவர் காப்பாத்தலன்னு சொல்றீங்களோ, அதை யாருக்குக் கொடுத்தார்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். எரிச்சலாக இருந்தது. அழுதுகொண்டு வந்தவருக்கு வீட்டுப்பாடமா! ஆனாலும் ஒரு நோட்டு எடுத்தேன். வருடக்கணக்கில் நான் கோடு போட்டு வைத்திருந்த வசனங்களை ஒவ்வொன்றாக எழுதி, யாரிடம் சொன்னது, எப்போது, என்ன சொன்னது என்று பார்க்கத் தொடங்கினேன்.

எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்." இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்த ஒருவர், தன் ஊரை இனிப் பார்க்கப்போவதில்லை என்றுதான் புரிந்துகொண்டிருப்பார். அவரிடம் ஐந்தாம் வசனம், வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. வாக்கு பொய்யில்லை. அவருடைய ஆயுசுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபிரகாம் புறப்பட்டது 75 வயதில், ஈசாக்கு பிறந்தது 100 வயதில். இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆதியாகமம் 16 முடியும்போது அவருக்கு 86, பதினேழாம் அதிகாரம் தொடங்கும்போது 99. நடுவில் பதின்மூன்று வருஷம், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பதினொரு மாதத்தில் கணக்கு கேட்டவன்.

அப்புறம் புதிய ஏற்பாட்டில் தேவன் "உண்மையுள்ளவர்" என்று வரும் இடங்களைத் தேடினேன். பேச்சு வழக்கில் உண்மை என்றால் பொய் இல்லாதது; வேதத் தமிழில் அது சொன்ன சொல்லில் நிற்பதையும் குறிக்கிறது. சோதனையைத் தாங்கும்படி தப்பும் வழியைத் தருவதில் உண்மையுள்ளவர் (1 கொரிந்தியர் 10:13). அறிக்கையிட்ட பாவத்தை மன்னிப்பதில் (1 யோவான் 1:9). தீமையிலிருந்து விலக்கிக் காப்பதில் (2 தெசலோனிக்கேயர் 3:3). தொடங்கிய பரிசுத்தமாக்குதலை முடிப்பதில் (1 தெசலோனிக்கேயர் 5:24). பக்கத்தை நிரப்பிவிட்டுப் பார்த்தேன். சிறுநீரகம் எங்கேயும் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு யோசித்தேன்: அப்பா படுக்கையில் கிடந்த பதினொரு மாதத்தில் இந்தப் பட்டியலில் எது நடக்காமல் போனது? அப்பாவைப் பொறுத்தவரை, ஒன்றுகூட இல்லை.

சங்கீதம் 118-ஐக் கடைசியாகத்தான் எடுத்தேன்; அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. யூத மரபில் பஸ்கா இரவில் பாடப்படும் 113 முதல் 118 வரையான சங்கீதங்களில் கடைசி அது. பஸ்கா முடிந்து ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு இயேசுவும் சீஷர்களும் ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். பாடியது இந்தச் சங்கீதங்களாக இருக்கும் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. அப்படியானால், "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்று பாடிய அவர் மறுநாளே இறந்தார். மூன்றாம் நாள் என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீல மை நன்றாகவே காய்ந்திருந்தது. அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. யாராவது "உங்களுக்கு ஒரு வசனம்" என்று ஆரம்பித்தால் இன்னும் உள்ளே ஏதோ இறுகுகிறது. வாங்கிக்கொள்கிறேன், வீட்டுக்கு வந்து முழு அதிகாரத்தையும் வாசிக்கிறேன். இப்போது அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு. சுகமாக்கும் என்று தினமும் கேட்கிறேன், கூச்சமில்லாமல் கேட்கிறேன். கேட்பது வேறு, அவர் வாக்கு கொடுத்துவிட்டார் என்று நானே எழுதிக்கொள்வது வேறு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால், என்ன வாசிக்கட்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். நேற்று ரூத் வாசிக்கச் சொன்னார்.