கணவாய் வறுவல்

ஹாங்காங், ஷாம் ஷூய் போ தெருவோரக் கடை. தட்டையாகக் கிடந்த கணவாய்த் துண்டுகள் சூடான வாணலியில் விழுந்ததும் சட்டென்று சுருண்டுகொண்டன.

பக்கத்து மேசைப் பெரியவர் நண்பரிடம் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ். எனக்குப் பிடிபட்டது "சாவ் யாவ் யூ" மட்டும்.

கணவாயை வறுத்துட்டாங்க. அதாவது, வேலை போச்சு.

அந்தக் காலத்துக் கூலியாட்கள் முதலாளி இடத்திலேயே தங்கி, அங்கேயே சாப்பிடுவார்கள். படுக்கை மட்டும்தான் சொந்தம். நிறுத்திவிட்டால் அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வறுபடும் கணவாயில் அந்தச் சுருளைப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு வலி, எவ்வளவு கூர்மையான கண்!

நாமும் "சீட்டைக் கிழிச்சுட்டாங்க" என்கிறோம். ஆனால் இதில் ஒரு மனிதனின் மொத்த உடைமையும் இருக்கிறது.

கான்டனீஸில் இப்படி இன்னும் உண்டு. காதலித்துச் சுற்றுவது "பாக் தோ". ஆற்றில் இரண்டு படகுகளை அருகருகே கட்டி இழுத்துப்போன வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். தெம்பு சொல்ல "கா யாவ்", எண்ணெய் ஊற்று. 2018-இல் அதன் ஆங்கில வடிவத்தை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டது.

படுக்கை சுருட்டியவர்களும் படகோட்டியவர்களும் ஆக்கிய பேச்சு இது. பள்ளிகளில் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் கூடிவரும் ஹாங்காங்கில், பிள்ளைகள் வாயிலும் இது நிலைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.