முதல்ல எதைக் கேட்டாங்க?

நேத்து பஸ் ஸ்டாண்டுல டேப்லெட்டோட ஒரு பொண்ணு சர்வே எடுத்துட்டு இருந்தாங்க. முதல் கேள்வியே, "பஸ்ல உங்களுக்கு நடந்த மோசமான அனுபவம் ஏதாவது?" கேட்கணுமா? பொரிஞ்சு தள்ளிட்டேன். அடுத்தது, "பொதுவா பஸ் வசதிக்கு 5-க்கு எத்தனை மார்க்?" யோசிக்காம 1 போட்டேன். வீட்டுக்கு வந்து காபி குடிச்சப்புறம்தான் தோணுச்சு, நியாயமா 3 போட்டிருக்கணும்.

அப்பதான் 1948-ல அமெரிக்காவுல ஹைமன், ஷீட்ஸ்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எடுத்த சர்வே ஞாபகம் வந்துச்சு. "ரஷ்யா மாதிரி கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்கள் இங்க வந்து, பார்த்ததை அப்படியே ஊருக்கு எழுதி அனுப்பலாமா?" பனிப்போர் சூடு பிடிச்ச நேரம். இதை முதல்ல கேட்டப்போ 'சரி'ன்னவங்க சுமார் 37 சதவீதம்தான். "நம்ம நிருபர்கள் ரஷ்யா போய் எழுதலாமா?"ன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் கேட்டா 73! நம்ம ஆளுக்குத் தலையாட்டிட்டு, அடுத்த நிமிஷமே அவங்க ஆளுக்குக் கதவைச் சாத்த மனசு வரல. கேள்வியில ஒரு எழுத்துகூட மாறல.

சில நேரம் கேள்வி வரிசையால, ரெண்டு பேருக்குக் கிடைக்கற ஆதரவுக்கு நடுவுல இருக்கற தூரமே சுருங்கிடும். 1997-ல கேலப்ங்கற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டது: அதிபர் கிளிண்டன் நேர்மையானவரா, துணை அதிபர் அல் கோர் நேர்மையானவரா? முதல்ல கேட்கப்பட்டப்போ 'ஆமா'ன்னவங்க கிளிண்டனுக்கு 50 சதவீதம், கோருக்கு 68. ரெண்டாவதா கேட்டப்போ கிளிண்டனுக்கு 57, கோருக்கு 60.

அதனாலதான் கவனமா சர்வே எடுக்கறவங்க ஆளுக்கு ஆள் கேள்வி வரிசையைக் கலைச்சுப் போடுவாங்க. அந்தப் பொண்ணோட டேப்லெட்ல அது இருந்துச்சான்னு கேட்டிருக்கலாம். அதுக்குள்ள என் பஸ் வந்துடுச்சு. சீட்டும் கிடைச்சுது, அதான் கொடுமை.