ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தின் கடைசிக் கேள்வி, கடந்த 2 வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அந்த அம்மாவிடம் நான் கேட்டதோ, "ரொம்ப வெறுப்பா இருக்குதாங்கம்மா?" மகன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "வயசானா இருக்கறதுதான கண்ணு" என்றார் அந்த அம்மா. நான் சைபர் போட்டேன்.

மகனை வெளியே அனுப்பியிருக்கலாம். ஆனால் மறுநாள் ஆபரேஷனில் முதல் கேஸ் அவர்களுடையது, கீழ்முதுகில் எல்4-எல்5 டிஸ்க். காப்பீட்டு அனுமதிக்கே 3 வாரம் அலைந்திருந்தார்கள். சைபர் இல்லாமல் வேறு எதைப் போட்டாலும் மனநல மருத்துவர் பார்க்காமல் தியேட்டருக்கு அனுப்ப முடியாது. எங்களிடம் மனநல மருத்துவர் வருவது செவ்வாய் மட்டும். அன்று புதன். இதையெல்லாம் அந்த நொடியில் யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

மொத்தம் 12 வந்தது. 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. டாக்டரிடம் சொன்னேன். "தூக்கம் 3, அசதி 3, பசி 2. எட்டு அங்கேயே போச்சு. வலியில இருக்கறவங்களுக்கு வேற எப்படி வரும்?" என்றார். தப்பில்லை. நரம்பு அழுந்தினாலும் தூக்கம் போகும், மனசு அழுந்தினாலும் போகும். முதுகுத்தண்டு வார்டில் இந்தப் படிவத்தோடு தினமும் படுகிற பாடு இது. ஆனால் அந்தக் குழப்பம் அதிகம் இல்லாத கேள்வியைத்தான் நான் மழுப்பியிருந்தேன்.

மனச்சோர்வு இருப்பவர்களுக்கும் ஆபரேஷன் பலன் தரும், சராசரியில் கொஞ்சம் குறைவாக. தள்ளிப்போட்டிருந்தால் வலிதான் மிச்சம். இப்படியும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆறாவது வாரம் நடந்தே வந்தார்.

"இப்ப எப்படி இருக்குதுங்கம்மா?"

"கால் வலி போச்சு கண்ணு."

"அப்புறம்?"

"போச்சு. அவ்ளோதான்."

மகன் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். படிவத்தை ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும்தான் நிரப்புகிறோம்.

இப்போதெல்லாம் எட்டாவது கேள்வி முடிந்ததும் கூட இருப்பவரை டீ வாங்க அனுப்பிவிடுகிறேன். போன வாரம் பல்லடத்துப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரிடம் ஒன்பதாவது கேள்வியைப் படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆமான்னு சொன்னா ஆபரேஷன் பண்ண மாட்டீங்களா சிஸ்டர்?" என்றார்.

"பண்ணுவாங்க" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.