ரீசனரை ஓட்டும் முன் விடையைத் தாளில் எழுதுங்கள்

செமண்டிக் வெப், அதாவது இணையத் தரவின் பொருளைக் கணினிக்கும் புரியும்படி குறிக்கும் முறை, பற்றிய பாடத்தில் நான் எழுதிய முதல் உள்தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ‘முதன்மை ஆசிரியர்’ என்ற பிராப்பர்ட்டி (இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவு) ஃபங்ஷனல் என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது ஒரு நூலுக்கு ஒரே ஒரு முதன்மை ஆசிரியர்தான். தரவில் ஒரு நூலுக்கு முதன்மை ஆசிரியர் கவிதா என்று ஒரு வரி இருக்கிறது, மலர் என்று இன்னொரு வரி இருக்கிறது. எழுதிய வரிகளிலிருந்து தர்க்கப்படி புதிய முடிவுகளை வருவிக்கும் மென்பொருளான ரீசனரை ஓட்டினால் என்ன கிடைக்கும்?

நான் யோசிக்கவே இல்லை. ‘பிழை வரும்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் பூஜ்யம். சரியான விடை: கவிதாவும் மலரும் ஒரே ஆள் என்ற முடிவுக்கு ரீசனர் வரும்.

அன்றைக்கு எனக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. இரண்டு பெயர் என்றால் இரண்டு பேர்தானே? அந்த ‘தானே’ என் தலைக்குள் இருந்தது, கோப்பில் இல்லை. கவிதாவும் மலரும் வேறு வேறு என்று யாரும் அதில் எழுதவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். இணையம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது, ஒரே ஆளை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு பெயரில் குறிக்கிறது. அதனால் பெயர் வேறானால் ஆளும் வேறு என்ற நினைப்பை, பொருள்களையும் உறவுகளையும் வரையறுக்கும் அவுல் மொழி வேண்டுமென்றே விட்டுவிட்டது. இதை விளங்கிக்கொண்ட பிறகுதான் இந்தப் பாடம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. இதை விருப்பப் பாடமாக எடுத்திருப்பவர்களுக்காகவும், ஆன்டாலஜி (ஒரு துறையின் பொருள் வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் கோப்பு) வைத்து புராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்காகவும், நான் தடுக்கி விழுந்த இடங்களை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பாடம் எதற்கு என்பது. ‘ஆறு’ என்று ஒரு பக்கத்தில் இருந்தால் அது நதியா, எண்ணா, ‘சூடு ஆறட்டும்’ என்பதில் வரும் ஆறா என்று நாம் நொடியில் கண்டுகொள்கிறோம். கணினிக்கு அது இரண்டு எழுத்து, அவ்வளவுதான். பக்கத்தை எழுதுகிறவரே ‘நான் சொல்வது இந்தப் பொருள்’ என்று கணினி படிக்கும்படி குறித்துவிட்டால்? 2001இல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கனவைத்தான் விரித்தது. அம்மாவுக்கு மருத்துவச் சந்திப்பு ஏற்பாடு செய்யும் மென்பொருள் முகவர்கள் அதில் வருவார்கள். சிறிய கட்டுரைதான். பாடத்தின் முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். மற்றதெல்லாம் ஏன் வந்தது என்று அதிலிருந்து புரியும்.

தரவை வாக்கியங்களாக எழுதும் ஆர்டிஎஃப் பகுதி எளிது, அதிலேயே தங்கிவிடாதீர்கள். எல்லாம் மூன்று துண்டு வாக்கியம்: எது, என்ன உறவு, எதனோடு. இதற்கு ட்ரிபிள் என்று பெயர். ட்ரிபிள்களை எழுதும் டர்ட்டில் வடிவத்தில் கையால் எழுதிப் பழகுங்கள். புள்ளி, அரைப்புள்ளி, காற்புள்ளி எங்கே வரும் என்பது தாளில் எழுதினால்தான் கைக்கு வரும். அப்புறம் ஒன்றே ஒன்றை மட்டும் கவனியுங்கள். என் முதல் அசைன்மென்டில் நூலாசிரியரின் பெயரை வெறும் எழுத்துச்சரமாக, அதாவது லிட்டரலாக, போட்டிருந்தேன். பார்க்கச் சரியாக இருந்தது. அந்த ஆசிரியர் எங்கே வேலை செய்கிறார் என்று அடுத்த வரி எழுதப் போனபோதுதான் முட்டியது. லிட்டரல் ஒரு ட்ரிபிளின் எழுவாயாக வர முடியாது. அந்த இடத்தோடு பாதை முடிந்துவிடும். ஆசிரியருக்கு ஐஆர்ஐ, அதாவது இணைய முகவரி போன்ற ஒரு தனி அடையாளம், கொடுத்து, பெயரை அதற்கு ஒரு பண்பாக வைத்தால்தான் அங்கிருந்து மேலே போகலாம். எதைப் பற்றி இன்னொரு வாக்கியம் சொல்ல வேண்டிவருமோ, அதற்கு ஐஆர்ஐ கொடுங்கள்.

அடுத்தது, தமிழில் யோசிக்கிறவர்களுக்கு என்றே வைத்த பொறி போன்ற ஓர் இடம். ‘மலர் ஒரு மனிதர்’, ‘புலி ஒரு விலங்கு’. இரண்டு வாக்கியமும் ஒரே அச்சு. ஆனால் முதலாவதில் மலர் என்ற தனி ஆள் மனிதர் என்ற கிளாஸின், அதாவது வகையின், உறுப்பு. இரண்டாவதில் புலி என்ற கிளாஸ் முழுவதும் விலங்கு என்ற கிளாஸுக்குள் அடங்குகிறது. நம் வாக்கியத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு சொல்லும் இல்லை. அதனால் நான் ‘ஒவ்வொரு’ சேர்த்துப் பார்ப்பேன். ‘ஒவ்வொரு புலியும் ஒரு விலங்கு’ சரியாக வருகிறது, ஆகவே துணைக் கிளாஸ். ‘ஒவ்வொரு மலரும் ஒரு மனிதர்’ என்றால் அபத்தம், ஆகவே உறுப்பு. இப்போது ‘புலி ஒரு சிற்றினம்’ என்பதை எடுங்கள். ‘ஒவ்வொரு புலியும் ஒரு சிற்றினம்’ தவறு. காட்டில் நடமாடும் ஒரு புலி சிற்றினம் ஆகாது. புலி என்ற வகைதான் சிற்றினங்களில் ஒன்று. ‘ஒவ்வொரு சக்கரமும் ஒரு வண்டி’ வராது, சக்கரம் வண்டியின் பகுதி. தேர்வில் படிநிலை வரையச் சொன்னால் ஒவ்வொரு கோட்டுக்கும் இந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். இதற்கு நல்ல பயிற்சிக்களம் யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளமான விக்கிடேட்டா. அங்கே உறுப்பு என்பதற்கு பி31, துணைக் கிளாஸ் என்பதற்கு பி279, மனிதர் என்பதற்கு கியூ5. உங்களுக்குத் தெரிந்த பத்துப் பொருள்களை எடுத்து அவற்றுக்கு எது போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சில இடங்களில் அவர்களே குழம்பியிருப்பதைக் கண்டுபிடித்தால் நீங்கள் தேர்வுக்குத் தயார்.

சரி, அவுலுக்கு வருவோம். நேரத்தை இங்கேதான் கொட்ட வேண்டும்.

டேட்டாபேஸ் படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பழைய பழக்கம் ஒவ்வொரு படியிலும் குறுக்கே நிற்கும். அட்டவணையில் இல்லை என்றால் ‘இல்லை’ என்று நாம் பழகியிருக்கிறோம். அவுலில் எழுதவில்லை என்றால் ‘தெரியாது’ என்றுதான் பொருள். இதைத் திறந்த உலக அனுமானம் என்கிறார்கள். வரையறையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கணக்கில் வரும்போது மறந்துவிடுவார்கள்.

டொமைனும் ரேஞ்சும் அப்படித்தான். ‘எழுதியவர்’ என்ற பிராப்பர்ட்டிக்கு டொமைன் (உறவு தொடங்கும் பக்கம்) நூல், ரேஞ்ச் (உறவு முடியும் பக்கம்) மனிதர் என்று நான் வைத்திருந்தேன். தவறான தரவை இது தடுத்துவிடும் என்று நம்பினேன். ஓர் ஆண்டறிக்கையை எழுதியது ஒரு நிறுவனம் என்று ஒரு வரி சேர்த்து ரீசனரை ஓட்டினேன். எந்தப் புகாரும் இல்லை. ஆண்டறிக்கை நூல் ஆகிவிட்டது, நிறுவனம் மனிதர் ஆகிவிட்டது. ரேஞ்ச் என்பது வாசலில் நிற்கும் காவலர் இல்லை. ‘இந்த உறவில் யார் வந்தாலும் அவர் மனிதர்’ என்று முடிவுகட்டும் விதி. மனிதரும் நிறுவனமும் ஒன்றாக முடியாது என்று டிஸ்ஜாயின்ட் அறிவிப்பு இருந்தால்தான் முரண்பாடு வெளியே வரும். கிளாஸ்களை உருவாக்கும்போதே எவையெல்லாம் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால், ஓர் ஆன்டாலஜியின் தரத்தை அதன் டிஸ்ஜாயின்ட் வரிகளைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

இன்னொரு இடம் ‘மட்டும்’. ‘தமிழ் நூல்களை மட்டும் வைத்திருக்கும் நூலகம்’ என்றால் நம் பேச்சில் அங்கே சில தமிழ் நூல்களாவது இருக்கும். அவுலின் ‘ஒன்லி’க்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஒரு நூல்கூட இல்லாத நூலகமும் அந்த கிளாஸுக்குப் பொருந்தும். தமிழ் அல்லாத நூல் எதுவும் அங்கே இல்லையே! ஒரு நூலாவது வேண்டும் என்றால் ‘சம்’ என்ற கட்டுப்பாட்டையும் சேர்க்க வேண்டும். இத்தோடு முடியவில்லை. ஒரு நூலகத்துக்கு மூன்று நூல்களைப் பதிவு செய்து, மூன்றும் தமிழ் என்று சொல்லிவிட்டாலும் ரீசனர் அதை இந்த கிளாஸில் வைக்காது. நாலாவதாக வேறு மொழி நூல் ஒன்று சொல்லப்படாமல் இருக்கலாம் அல்லவா? அங்கே இருப்பவை இந்த மூன்றுதான் என்றும் எழுதி மூட வேண்டும். நான் எழுதிய தேர்வுகளில் அதிக மதிப்பெண் இருந்தது இந்தப் பகுதிக்குத்தான்.

இதற்கு நான் கண்ட ஒரே வழி தினம் 20 நிமிடப் பயிற்சி. ஆன்டாலஜி எழுத உதவும் புரோட்டிஜே என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டான்ஃபோர்டில் உருவானது. மூன்று கிளாஸ், இரண்டு பிராப்பர்ட்டி, ஐந்து உறுப்பு, இதற்கு மேல் வேண்டாம். ஹெர்மிட் போன்ற ரீசனரை ஓட்டுவதற்கு முன்னால், என்ன என்ன முடிவு வரும் என்று தாளில் எழுதிவையுங்கள். அப்புறம் ஓட்டுங்கள். தாளில் இருந்து திரையில் வராதவை, திரையில் வந்து தாளில் இல்லாதவை, இந்த இரண்டையும்தான் படிக்க வேண்டும். முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தினால் எந்த எந்த வரிகளிலிருந்து அது வந்தது என்று காட்டும். ஒரு கிளாஸ் சிவப்பாகிவிட்டால், அதாவது அதில் யாருமே உறுப்பாக இருக்க முடியாது என்று வந்துவிட்டால், அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் கை போகும். தொடங்காதீர்கள். அந்த விளக்கத்தை வரிவரியாகப் படித்து எந்த வரி தவறு என்று கண்டுபிடியுங்கள். பாடப் புத்தகத்தைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது அந்தச் சிறிய கேள்விக்குறி.

ஆர்டிஎஃப் தரவை வினவும் மொழியான ஸ்பார்க்கிள், டேட்டாபேஸின் எஸ்கியூஎல் தெரிந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். விக்கிடேட்டாவின் வினவல் பக்கத்தில் நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஸ்பார்க்கிளில் ‘இப்படி ஒன்று இல்லாதவற்றைக் கொடு’ என்று கேட்டால், கையில் உள்ள தரவில் இல்லாததை அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். அவுலின் ‘தெரியாது’வோடு இதைக் கலந்துவிடக் கூடாது.

வைவாவுக்கு ஆண்டுகளைக் கேட்பார்கள். பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், எதில் என்ன குறை இருந்து அடுத்தது வந்தது என்று கோத்துப் படியுங்கள். 1999இல் ஆர்டிஎஃப் வந்தது, வாக்கியம் சொல்லலாம். சொற்களின் பொருளைக் கறாராக வரையறுக்க 2004இல் அவுல். சேர்த்ததை வினவ 2008இல் ஸ்பார்க்கிள். முழு அவுல் பெரிய தரவுக்குக் கனமாக இருந்ததால் 2009இன் அவுல் 2இல் இஎல், கியூஎல், ஆர்எல் என்று மூன்று இலகுவான பிரிவுகள். தரவைச் சரிபார்க்கத் தனியாக ஒரு மொழி வேண்டும் என்று 2017இல் ஷேக்கிள். முதல் தேர்வில் நான் எதிர்பார்த்த அந்தப் ‘பிழை’யைத் தருவது இதுதான். ஒரு நூலுக்கு அதிகபட்சம் ஒரு முதன்மை ஆசிரியர் என்று ஷேக்கிளில் எழுதினால், கவிதா, மலர் இருவரையும் பார்த்தவுடன் விதிமீறல் என்று அறிக்கை வரும். என் உள்ளுணர்வு முழுத் தவறு இல்லை, தவறான கருவியிடம் அதை எதிர்பார்த்திருந்தேன்.

புராஜெக்டுக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிறிய துறையை எடுங்கள். கிளாஸ் வரைவதற்கு முன்னால், இந்த ஆன்டாலஜி எந்தப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பத்துக்கும் உதவாத கிளாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். ஆள், அமைப்பு, நூல் போன்றவற்றுக்குப் புதிய சொல் உண்டாக்காதீர்கள். ஸ்கீமா டாட் ஆர்க், டப்ளின் கோர் போன்ற பொதுச் சொல் தொகுப்புகளில் ஏற்கெனவே இருப்பதை எடுத்தாளுங்கள். 2011இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா டாட் ஆர்க் இன்று எண்ணற்ற பக்கங்களுக்குள் ஜேசன்-எல்டி வடிவில் உட்கார்ந்திருக்கிறது. 2001 கட்டுரையின் முகவர்கள் அப்படியே வந்துவிடவில்லை. ஆனால் பக்கத்தின் பொருளைக் கணினிக்குச் சொல்லும் வேலை இப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது, உயிரியலில் மரபணுக்களின் பணிகளை வரையறுக்கும் ஜீன் ஆன்டாலஜி இல்லாமல் ஆய்வே ஓடாது என்ற நிலைகூட வந்துவிட்டது. ‘இன்று மொழி மாடல்கள் இருக்கும்போது இது எதற்கு’ என்று வைவாவில் கேட்டால் பதறாதீர்கள். ஒரு முடிவு எந்த வரிகளிலிருந்து வந்தது என்று ஒன்றுவிடாமல் காட்ட முடிவது ரீசனரின் பலம். அந்தக் கேள்விக்குறியை அழுத்திக் காட்டுங்கள்.

என் வைவாவில் தேர்வாளர் கடைசியாகக் கேட்டது இது: “உங்கள் ஆன்டாலஜியில் நான் ஒரு வரியைச் சேர்க்கிறேன். ஏற்கெனவே வந்த முடிவுகளில் ஏதாவது காணாமல் போகுமா?” போகாது என்றேன். அவுலில் புதிய வரி புதிய முடிவைக் கொண்டுவரும், பழையதைத் திரும்பப் பெறாது. “கவிதாவும் மலரும் வேறு வேறு ஆட்கள் என்று சேர்த்தால்?” என்றார், என் முதல் விடைத்தாள் நினைவிருந்ததோ என்னவோ. அப்போதும் இருவரும் ஒன்று என்ற முடிவு அப்படியே நிற்கும், இருவரும் வேறு என்பதும் கூடவே நிற்கும், மொத்த ஆன்டாலஜியும் முரண்பட்டுப் போகும், அதன் பிறகு அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.